டூபாயின் முழுப்பெயர் என்ன?

போன வாரம் வீட்டுச் சாமான்களைக் கட்ட ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களின் தலைவர் காதில் ஒரு மார்க்கர் பேனாவைச் செருகியிருந்தார். ஒவ்வொரு அட்டைப்பெட்டியையும் டேப் போட்டு ஒட்டுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து இந்தியில் ஒரே கேள்விதான் — "இதுல என்ன மேடம் இருக்கு? யாரோடது?"

சமையல் பாத்திரம். என்னோடது. எழுதிக்கொண்டார். ஆபீஸ் ஃபைல்கள். சாரோடது. எழுதிக்கொண்டார். பால்கனியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கியபடி, "இது?" என்றார். வீட்டு ஓனரோடது என்றேன். சுட்டது போலக் கீழே வைத்துவிட்டார்.

"அடுத்தவங்க சாமான் லாரியில ஏறக்கூடாது மேடம். அப்புறம் நாங்கதான் மாட்டிக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு ஏனென்று புரியவில்லை. எப்படிப் புரியும்? 'இதில் என்ன இருக்கிறது, யாருடையது?' என்ற இதே கேள்வியோடுதான் நான் சித்திரை மாதத்திலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதைக் கேட்டவர் லாரிக்காரர் இல்லை. பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும், நான் முகம் பார்த்திராத ஒரு பெண்மணி.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் பாடு தெரியும். கணவருக்கு மத்திய அரசு உத்தியோகம். சில வருடங்களுக்கு ஓர் ஊர். ஊர் மாறும்போது கையோடு தூக்கிக்கொண்டு போகிற மாதிரி நான் கற்றுக்கொண்ட வேலை, வெப் அப்ளிகேஷன் எழுதுவது. லேப்டாப்பை மூடினால் ஆபீஸ் மூடியது. திறந்தால் திறந்தது.

கொல்கத்தாவுக்கு வந்து ஜாதவ்பூரில் வீடு பிடித்தபோது, எங்கள் சந்திலேயே ஒரு சின்ன நூலகம் இருந்தது. சாயங்காலம் மட்டும் திறக்கும். நடத்துபவர் ஷிப்ராதி. 'தி' என்றால் இங்கே அக்கா. பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பை விட்டு வந்துவிட்டாரே தவிர, குரலில் இன்னும் வகுப்பு நடக்கிறது. என்னை 'பௌதி' என்பார், அதாவது அண்ணி. வயதில் அவர்தான் மூத்தவர் என்றாலும் கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்தவள் எவளும் இங்கே எல்லோருக்கும் பௌதிதான். நாங்கள் பேசிக்கொள்வது வங்காளியில். நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

ஒரு நாள் ஷிப்ராதி கேட்டலாக் கார்டு ஒன்றை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். கண் ஆபரேஷன் ஆன புதிது.

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது பௌதி. போதும். யார்கிட்டயாவது சாவியைக் குடுத்துட்டு வீட்ல உக்காந்துக்கறேன்."

சாவியை வாங்கிக்கொள்ள யாருமில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் உட்கார்ந்துவிட்டால் நூலகமும் உட்கார்ந்துவிடும். அன்றைக்கு ஆரம்பித்தேன். எந்தப் புத்தகம், யார் எடுத்தார்கள், திருப்பித் தர எப்போது கெடு... எல்லாம் திரையில், வங்காள எழுத்தில், சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக. அதற்கு 'அலமாரி' என்று பெயர் வைத்தேன். அவர்கள் மொழியிலும் ஏறக்குறைய அதே சொல்தான்.

ஷிப்ராதி வீட்டில் உட்காரவில்லை.

ஆனால் அந்த நூலகக் கம்ப்யூட்டர் இருக்கிறதே... யாரோ வேண்டாமென்று கொடுத்த கிழட்டுப் பெட்டி. அதில் ஓடுவது லினக்ஸ். காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடிய இயங்குதளம். அலமாரியை அதில் நானே கையால் பொருத்தியிருந்தேன். அடியில் இருக்கும் ஏதாவது ஒன்று அப்டேட் ஆகும்; மேலே என் அலமாரி சாயும். உடனே போன் வரும். "பௌதி, திறக்க மாட்டேங்குது." ரசம் கொதிக்கிற அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். பத்தடி தூரம்தானே என்று அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

சித்திரை பிறந்த கையோடு ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. விசாகப்பட்டினம். துர்கா பூஜைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

ஷிப்ராதியிடம் சொன்னேன். நல்ல ஊர், கடல் இருக்கிறது, மீன் மலிவு, உங்களுக்குத்தான் சாப்பிடத் தெரியாது என்றெல்லாம் சொன்னார். கதவு வரைக்கும் வந்தார். அங்கே நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார், "அப்ப... அலமாரி?"

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. உண்மையாகவே இறங்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? நான் இல்லாமலேயே அலமாரி ஓட வேண்டும். அதற்கு ஒரு வழி இருந்தது. நூலகத்தில் ஓடும் லினக்ஸை உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குகிறார்கள். அவர்களிடம் ஒரு பெரிய களஞ்சியம் உண்டு. அதில் ஒரு மென்பொருளைப் பாக்கேஜாகக் கட்டிச் சேர்த்துவிட்டால் போதும். யாராக இருந்தாலும் ஒரு வரி தட்டினால் அது தானே வந்து, தனக்கு வேண்டியதையும் அழைத்து வந்து, உட்கார்ந்துகொள்ளும். அடியில் எது அப்டேட் ஆனாலும் இதையும் சேர்த்துச் சோதித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். என் இடத்தில் ஓர் ஊரே காவல் இருக்கும்.

ஒரே சிக்கல், அவர்களின் அடுத்த வெளியீடு பூஜைக்குச் சற்று முன்னால் வருகிறது. அதற்கும் முன்பே ஒரு நாள் களஞ்சியக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஃப்ரீஸ் என்று பெயர். அதற்குள் நுழையாத பாக்கேஜ் அடுத்த வெளியீடு வரை வாசலில் நிற்க வேண்டியதுதான். அதற்கு வருடக் கணக்கில் ஆகும்.

வாசலில் நிற்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

"எத்தனையோ ஊர் மாத்தியாச்சு, ஒரு பெட்டியை இவ்வளவு நாளா கட்டுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்," என்றார் என் கணவர். அவருக்கென்ன, சொல்லலாம். கட்டிப் பார்த்தால்தானே தெரியும்?

இணையத்திலிருந்து எதையும் இறக்காமல் கட்டப்பட வேண்டும். மற்றவர்கள் எழுதிய துணுக்குகளை உள்ளே ஒளித்து வைக்கக் கூடாது. அவை தனித்தனிப் பாக்கேஜாகவே இருக்க வேண்டும். ஒருவர் நீக்கச் சொன்னால் நீங்க வேண்டும், ஆனால் அவருடைய தகவல்கள் அழியக் கூடாது. இதையெல்லாம் ஒவ்வொன்றாக முடித்தேன். இன்ஸ்டால் செய்யும்போது கேட்கும் கேள்விகளை ஷிப்ராதியும் நானும் உட்கார்ந்து வங்காளியில் எழுதினோம். நான் எழுதிய வாக்கியங்களைச் சிவப்புப் பேனாவால் திருத்தினார். நிஜமாகவே சிவப்புப் பேனா.

அனுப்பினேன். பதில் வந்தது.

அதை எழுதியவர்தான் நான் முதலில் சொன்ன பெண்மணி. களஞ்சியத்துக்குள் வரும் புதுப் பாக்கேஜ்களைப் பிரித்துப் பார்க்கும் ரிவ்யூவர். சம்பளமில்லாத வேலை, அதில் அப்படி ஒரு கறார். மெயிலில் இருந்தது இவ்வளவுதான்: 'நாட்காட்டி ஃபைலின் தலைப்பில் "செய்தது டூபாய்" என்று இருக்கிறது. டூபாய் என்பது நிறுவனமா, தனி நபரா? முழுப்பெயர் என்ன? எந்த லைசென்ஸில் தந்திருக்கிறார்? மேலும், இலிஷ், பாப்தா, சிங்ரி என்பவை எவற்றைக் குறிக்கின்றன?'

கடைசிக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். முதலிரண்டும் மீன், மூன்றாவது இறால்.

விஷயம் இதுதான். எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை விடுமுறையில் விழும் கெடு எல்லாம் தானாகவே அதை அடுத்து வரும் லக்ஷ்மி பூஜைக்கு அப்பால் தள்ளிப் போய்விடும். பூஜை நேரத்தில் யார் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள்? ஆனால் பூஜை திதியைப் பார்த்து வருவது. வருடா வருடம் தேதி மாறும். அலமாரிக்குப் பஞ்சாங்கம் தெரிந்தாக வேண்டும். அதற்காக ஷிப்ராதி ஒரு பென்டிரைவ் கொடுத்திருந்தார். எங்கள் பகுதி பூஜை க்ளப்பின் பழைய வெப்சைட்டில் ஓடிக்கொண்டிருந்த நாட்காட்டி ஃபைல் அதில் இருந்தது. எந்த வருடத்தைக் கொடுத்தாலும் அஷ்டமி, நவமி, லக்ஷ்மி பூஜை எல்லாம் பிசகாமல் சொல்லும். என்ன, உள்ளே திதிகளுக்கெல்லாம் மீன் பெயர் வைத்திருந்தார், அதை எழுதிய டூபாய்.

"டூபாய்கிட்ட அனுமதி வாங்கினோமா ஷிப்ராதி?"

"அனுமதியா? அது பாடாவோடது பௌதி."

பாடா என்றால் நம் பேட்டை மாதிரி. தெரு, அதை ஒட்டிய சந்துகள், அங்கிருக்கும் மனிதர்கள் எல்லாம் சேர்ந்தது. பந்தல் மூங்கில் பாடாவோடது. அன்னதான அண்டா பாடாவோடது. எடுத்துக்கொண்டு போனவரை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதே கணக்கில் டூபாயின் மூளையும் பாடாவோடது ஆகிவிட்டது.

ரிவ்யூவர் அம்மாளிடம் இது எடுபடுமா? அந்த உலகத்தில் விதி நேர்மாறு. யார் பயன்படுத்தலாம் என்று லைசென்ஸ் எழுதாத புரோகிராம் என்றால் எடுத்துக்கொள் என்று பொருள் இல்லை. தொடாதே என்று பொருள்.

சரி, நானே எழுதிக்கொள்கிறேன் என்று இறங்கினேன். பஞ்சாங்கம் என்ன எனக்குத் தெரியாததா? நாலு நாள் முட்டி மோதி ஒரு நாட்காட்டி எழுதினேன். ஷிப்ராதியிடம் பெருமையாகக் காட்டினேன். திரையை ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் மேஜையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"எங்க புது வருஷத்தை ஒரு நாள் முன்னாடியே இழுத்துட்டு வந்துட்டீங்களே பௌதி! அன்னிக்கு ஸ்வீட் கடைக்காரன் இன்னும் பாலே காய்ச்சியிருக்க மாட்டான்!"

எங்கே தப்பு என்று பார்த்தால்... என் ரத்தத்தில். சூரியன் சாய்வதற்குள் மேஷத்தில் நுழைந்தால் அன்றைக்கே சித்திரை ஒன்று என்பது நம் கணக்கு. இங்கே அப்படி இல்லை. மறுநாள்தான் மாதம் பிறக்கும். நள்ளிரவு தாண்டி நுழைந்தால் அதற்கும் மறுநாள். நான் என்னையறியாமல் வங்காளத்தின் பன்னிரண்டு மாதங்களையும் தமிழ்ப் பஞ்சாங்கத்தில் ஓட்டியிருக்கிறேன். இந்தத் தப்பை ஒரு வங்காளி செய்திருக்க முடியாது. சென்னையில் இருக்கும் தமிழச்சியும் செய்திருக்க மாட்டாள். அவளுக்கு இந்த வேலையே வந்திருக்காது!

திருத்தினேன். மாதம் சரியானது, அஷ்டமி கோணியது. அஷ்டமியை நிமிர்த்தினால் லக்ஷ்மி பூஜை சாய்ந்தது. டூபாய் எத்தனை பஞ்சாங்கங்களோடு குடித்தனம் நடத்தினாரோ! 'கடைசி நேரத்தில் சரிபார்க்காத கணக்கை நுழைக்காதீர்கள்' என்று ரிவ்யூவர் அம்மாளும் எழுதிவிட்டார். நியாயம்தான். கோபமும் வந்தது.

ஃப்ரீஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. இனி ஒரே வழி, டூபாயைப் பிடிப்பது.

ஸ்வீட் கடையில் கேட்டேன். "டூபாய்தானே, தெரியாம என்ன!" மருந்துக் கடையில் கேட்டேன். "நல்ல பையன். சந்தேஷ் ஸ்வீட்னா ரொம்பப் பிடிக்கும்." முழுப்பெயர்? இரண்டு கடையிலும் கல்லாப்பெட்டியைப் பார்த்தார்கள்.

இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். வீட்டிலும் தெருவிலும் கூப்பிட 'டாக் நாம்'. பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் 'பாலோ நாம்', அதாவது நல்ல பெயர். கூப்பிடும் பெயர் சின்னதாக, செல்லமாக இருக்கும். நல்ல பெயர் சமஸ்கிருதத்தில் ஒரு முழம் இருக்கும். தெருவில் உன்னை முப்பது வருடம் தெரிந்தவருக்கு உன் நல்ல பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

பூஜை க்ளப் செயலாளரைப் பிடித்தேன். அவர்தான் டூபாயிடம் வெப்சைட் வேலையைக் கொடுத்தவர்.

"அவன் நல்ல பேரா? 'அ'வுல ஆரம்பிக்கும்... இல்ல, 'ச'வா?" என்று மோவாயைச் சொறிந்தார். "அந்தக் குடும்பமே ஹவுரா பக்கம் போயிட்டாங்க பௌதி. அங்க லேத் பட்டறை வச்சிருக்காங்க."

"அவங்க அப்பா பேராவது?"

நீண்ட யோசனைக்குப் பிறகு சொன்னார். "டூபாயோட அப்பா."

வீட்டில் வந்து சொன்னபோது என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, நம்மாளுங்க மாதிரி ஒரு இனிஷியலைப் போட்டு ஒப்பேத்த முடியாதா?" முடியாது. போட்டால் அது பொய். என் பெயரில் போகும் பாக்கேஜில் பொய் போகாது.

மறுநாள் ஷிப்ராதியும் நானும் படகில் ஆற்றைக் கடந்தோம். நான் மட்டும் போகிறேன் என்றுதான் சொன்னேன். "அலமாரி யாரோடது?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் கண்ணுக்கு வெயில் ஆகாது. கூச்சத்தில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. துடைத்துக்கொண்டே நடந்தார்.

ஹவுராவில் அந்தச் சந்து முழுக்க லேத் பட்டறைகள். இரும்பு சீவும் சத்தம் காதை அடைத்தது. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கேட்டோம். டூபாயா? அப்படி யாரும் இல்லையே. எப்படி இருப்பார்? இங்கே வந்தபோது வளர்ந்த ஆளாக வந்தவர். இந்தத் தெருவுக்குத் தெரிந்தது அவருடைய நல்ல பெயர். எங்களுக்குத் தெரியாத அந்தப் பெயர்!

நான் திரும்பிப் போகலாம் என்ற முகத்தோடு நின்றேன். ஷிப்ராதி குடையை மடக்கினார். சந்தின் நடுவில் போய் நின்றார். அத்தனை லேத் சத்தத்தையும் அமுக்கிக்கொண்டு, கடைசி பெஞ்சை எழுப்புகிற குரலில் கத்தினார்.

"ட்டூ...பாய்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் ஒரு பட்டறையில் மட்டும் ஒருவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். நாற்பதை நெருங்கும் வயது, கண்ணாடி, கையெல்லாம் கிரீஸ். அவர் முகம் அந்த நொடியில் அரை டிராயர் போட்ட பையனின் முகம் மாதிரி ஆகிவிட்டது.

டீ வாங்கிக் கொடுத்தார். பாடாவில் யார் யார் எப்படியிருக்கிறார்கள் என்று ஷிப்ராதியிடம் விசாரித்தார். நாட்காட்டி ஃபைல் இன்னும் உயிரோடிருக்கிறது என்றதும் நம்பவில்லை. லேப்டாப்பில் காட்டினேன். மீன்களைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார். காலேஜ் படிக்கும்போது எழுதியதாம். எழுதுகிற நேரத்தில் எல்லாம் பசியாம்.

நான் விஷயத்துக்கு வந்தேன். இதை ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் விற்கலாம்...

"விக்கலாமா?"

சிரிப்பு போய்விட்டது. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பௌதி, அந்த வருஷம் க்ளப் பூஜை மலர் போட்டாங்க. பந்தல் போட்டவர் பேர் இருந்துச்சு. லைட் கட்டினவர் பேர் இருந்துச்சு. கிச்சடி கிண்டினவர் பேர் கூட இருந்துச்சு. வெப்சைட்டுக்கு நேரா 'எங்கள் பாடாவின் படைப்பு'ன்னு போட்டாங்க. நான் கேக்கல. எப்படிக் கேக்கறது? வீட்டுக்கு வந்து ஃபைலுக்குள்ள அந்த ஒரு வரியை மட்டும் எழுதி வச்சேன். யாரும் பாக்க மாட்டாங்கன்னு தெரியும்." டீ கிளாஸை ஓரமாகத் தள்ளினார். "வேண்டாம். எல்லாருக்கும் குடுத்தாச்சு ஒரு தடவை. இனிமே என்னோடது எனக்கே இருக்கட்டும்."

ஷிப்ராதி தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பூஜை மலரைப் பாடாவில் வீடு வீடாகக் கொடுத்தவர் அவர். எனக்குத் தெரியும், அவர் மனதில் ஓடியது நூலகச் சாவி இல்லை. 'நாம் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லையே' என்பதுதான்.

எழுந்துவிடலாமா? எழ மனம் வரவில்லை. வெறும் பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பைத் திரும்பத் திறந்து, ரிவ்யூவர் அம்மாளின் மெயிலை எடுத்து, வரிக்கு வரி வங்காளியில் சொன்னேன். டூபாய் என்பவர் யார்? அவருடைய முழுப்பெயர் என்ன? அது தெரியாமல் இந்தப் பாக்கேஜை உள்ளே விட முடியாது.

"உலகத்தோட அந்தக் கோடியில ஒரு அம்மா இருக்காங்க. உங்க பேர் தெரிஞ்சாத்தான் கதவைத் திறப்பேன்னு உக்காந்திருக்காங்க. இந்த லைசென்ஸ்ல கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான் — எடுக்கறவன் எடுக்கலாம், விக்கறவன் விக்கலாம், ஆனா உங்க பேரை எடுக்கக் கூடாது. எங்க போனாலும் கூடவே போகணும். எந்த க்ளப்பும் அதை அழிக்க முடியாது."

என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மாதக் கணக்கில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டிய விதி இது. சும்மா ஒரு பெயருக்கு இவ்வளவு இழுக்கிறாளே என்று நினைத்த விதி. இப்படி ஒருவருக்காகத்தான் அதை எழுதி வைத்திருக்கிறார்கள் போல.

டூபாய் கையைத் துடைத்துக்கொண்டு மெயிலைத் தானே படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"டூபாய்னே போட முடியாதா?"

"முழுப் பேர் வேணுமாம்."

பட்டறைப் படியில் உட்கார்ந்து, தன் போனிலிருந்து ரிவ்யூவருக்கு அவரே மெயில் எழுதினார். இந்த ஃபைலை எழுதியது நான், இந்த லைசென்ஸில் தருகிறேன் என்று. கீழே ஒரு முழ நீளத்துக்கு நல்ல பெயர். அதற்கும் கீழே தனி வரியில், 'வீட்டில் டூபாய்'. அனுப்பிவிட்டு ஷிப்ராதியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். ஷிப்ராதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கே வெயில் வரவில்லை.

நல்ல பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. பார்க்க வேண்டுமென்றால் பாக்கேஜை இன்ஸ்டால் செய்துதான் பார்க்க வேண்டும்!

ஃப்ரீஸுக்கு முந்தின நாள் மத்தியானம், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவ்வளவுதான். அந்த அம்மாள் வீண் பேச்சுப் பேச மாட்டார். அடியில் மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'டூபாய்க்கு என் வணக்கம். மீன்களை மாற்ற வேண்டாம்.'

புது வெளியீடும் வந்தது. நூலகக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் துடைத்துப் புது லினக்ஸைப் போட்டேன். அலமாரியை மட்டும் போடவில்லை. பழைய தகவல்கள் எல்லாம் பென்டிரைவில். நேற்று சாயங்காலம் ஷிப்ராதியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு, நான் எதிர்ப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இதில் நான் விரல் வைத்தால் இத்தனை மாதம் செய்ததற்கு அர்த்தமே இல்லை.

ஷிப்ராதி அந்த ஒரு வரியைத் தட்டினார். அப்படி எதுவும் இல்லை என்றது கம்ப்யூட்டர்.

பாய்ந்து எழுந்தேன்.

"உக்காருங்க," என்றார் என்னைப் பார்க்காமலேயே. திரையில் எழுத்தைப் பெரிதாக்கினார். ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. சேர்த்துத் திரும்பத் தட்டினார்.

வரி வரியாக ஓடியது. அவரே திருத்திய வங்காளியில் கேள்விகள் வந்தன. படித்துப் படித்துப் பதில் சொன்னார். பென்டிரைவைச் செருகினார். பழைய கணக்கெல்லாம் உள்ளே ஏறியது. அப்புறம் திரை முழுக்க, சுவரொட்டி அளவு எழுத்தில், அலமாரி திறந்தது.

ஷிப்ராதி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தச் சாய்வை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷம்தான். இனி நான் இங்கே தேவையில்லை என்பதில் கொஞ்சம் வலியும் இருந்தது. அதை மறைப்பானேன்?

சமாளித்துக்கொண்டு பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். போன வாரம் நான் எடுத்த வங்காளச் சிறுவர் கதைப் புத்தகம். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன், பாதி கூட முடியவில்லை.

"இதை வாங்கிக்கோங்க ஷிப்ராதி."

என் பெயரைத் தட்டினார். திரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கெடு இப்ப இல்லையே. லொக்கி பூஜைக்கு அப்புறம்னு காட்டுது." லக்ஷ்மி இவர்கள் வாயில் லொக்கி.

"தெரியும். நாளைக்கு எங்களுக்கு ரயில். அதான் இப்பவே..."

"கெடுவுக்கு முன்னாடி வாங்கற வழக்கம் இல்ல."

அப்படி ஒரு விதியே கிடையாது. எனக்குத் தெரியாதா? அலமாரியின் விதிகளை எழுதியவளே நான்தானே!

"அப்படி ரூலே இல்லையே ஷிப்ராதி?"

"டூபாய் சொல்லிட்டான், லொக்கி பூஜைக்கு அப்புறம்னு." புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "அவன் பேச்சை மீற முடியாது. வந்து குடுங்க."

அடுத்தவர் சாமான் லாரியில் ஏறக்கூடாது என்றாரே அந்தக் காதில் பேனா செருகியவர்... அதனால் கைப்பையில் வைத்திருக்கிறேன். லக்ஷ்மி பூஜைக்கு மறுநாள் ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்க டிக்கெட்டும் போட்டாயிற்று.